கணக்கு நேராகுமா?



கால்பந்து ஆடுகிற எல்லோருக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை தெரியும். "விடு மச்சி, இன்னிக்கு நமக்கு எதிரா விசில் அடிச்சாரு. நாளைக்கு அவனுங்களுக்கு எதிரா அடிப்பாரு. சீசன் முடிஞ்சா கணக்கு நேராயிடும்." தோற்றுப்போய், ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லியே தீருவார்.

இது நமக்குப் புதிதும் அல்ல. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னதும் இதைத்தான். எங்கள் பாடியில் இருக்கும் திருவலிதாயம் கோயில் குரு பரிகாரத் தலம். குருப்பெயர்ச்சி நாளில் கோயில் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. போன வருஷம் பட்டது போதும், இந்த வருஷமாவது நல்லது நடக்கட்டும் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். நேரம் மாறும் என்கிற நம்பிக்கை இல்லாவிட்டால் ஏழை எளியவர்கள் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. அதை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் டிப்ளமோ படிக்கிற நாம் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? உண்மையிலேயே கணக்கு நேராகிறதா? ஆகிறது என்றால், எப்படி ஆகிறது? யாருக்கு ஆகிறது?

மைதானத்துக்குப் போகும் முன்பு பூவா தலையாவிலிருந்து ஆரம்பிப்போம். ஆட்டம் தொடங்குவதே அதில்தானே!

ஜான் கெர்ரிச் என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு கணித ஆசிரியர் இருந்தார். 1940-ல் டென்மார்க் போயிருந்த நேரத்தில் ஜெர்மன் படை அந்த நாட்டைப் பிடித்துவிட்டது. அவரை முகாமில் அடைத்துவிட்டார்கள். பொழுது போகவேண்டுமே! ஒரு நாணயத்தை எடுத்து 10,000 முறை சுண்டிப் பார்த்து, விழுந்ததை எல்லாம் குறித்து வைத்தார். தலை 5,067. பூ 4,933.

பார்த்தீர்களா, பாதிக்குப் பாதி, கணக்கு நேராகிவிட்டது என்று சொல்வோம். விழுக்காட்டில் பார்த்தால் அது சரிதான். 50.67 என்பது கிட்டத்தட்ட பாதி. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். பூவை விடத் தலை 134 முறை கூடுதலாக விழுந்திருக்கிறது. 10,000 முறை சுண்டியும் பூவுக்குச் சேரவேண்டிய அந்த 134-ஐ நாணயம் திருப்பித் தரவில்லை. தரவும் தராது. போன தடவை எந்தப் பக்கம் விழுந்தோம் என்பது நாணயத்துக்குத் தெரியாது. அதற்கு ஞாபகம் கிடையாது, மனசாட்சியும் கிடையாது.

அப்படியானால் என்னதான் நடந்தது? கரைந்து போனது. ஒரு ஸ்பூன் உப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே உப்பை அண்டாவில் போட்டால் தெரியவே தெரியாது. உப்பு எங்கேயும் போய்விடவில்லை. தண்ணீர்தான் கூடிவிட்டது. துரதிர்ஷ்டமும் இப்படித்தான். அதை யாரும் திருப்பி எடுத்துக்கொள்வது இல்லை. ஆட்டங்கள் பெருகப் பெருக அது கரைகிறது.

சரி, கால்பந்தில் இந்த அண்டா எவ்வளவு பெரியது?

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2018-19 ஐ-லீக் போட்டியில் சென்னை சிட்டி அணி சாம்பியன் ஆனது. மொத்தம் 11 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 20 ஆட்டங்கள். கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில், மினர்வா பஞ்சாப் அணியோடு. மினர்வா முதலில் கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்து, இங்கே சென்னை சிட்டி தோற்றால் கோப்பை கல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டாவது பாதியில் ஒரு பெனால்டி கிடைத்தது. பெத்ரோ மான்சி அதைக் கோலாக்கினார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, ஆட்டம் 3-1 என்று முடிந்தது. அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி!

சென்னை சிட்டி நன்றாக ஆடித்தான் ஜெயித்தது. அந்தப் பெனால்டியைக் குறை சொல்வதும் என் நோக்கம் இல்லை. நான் பார்ப்பது அந்த ஒரே ஒரு புள்ளியை. 20 ஆட்டம், 1,800 நிமிஷம் ஓடி ஆடி, கடைசியில் வித்தியாசம் ஒரு புள்ளி. அந்த சீசனில் ஏதோ ஒரு சாயங்காலம் தூக்கப்பட்ட ஒரு ஆஃப்சைடு கொடி, கொடுக்கப்படாத ஒரு ஹேண்ட்பால், போஸ்டில் பட்டு வெளியே போன ஒரு பந்து, இதில் எதுவாக இருந்தாலும் கோப்பை கைமாறப் போதும். கபடியில் ஒரு ஆட்டத்துக்கு முப்பது, நாற்பது பாயிண்ட் வரும். ஒரு பாயிண்ட் தப்பாகப் போனாலும் சமாளித்துவிடலாம். கால்பந்தில் பல நாள் ஒரே ஒரு கோல்தான் மொத்த ஆட்டமும். உப்பு கரைய 20 ஆட்டம் என்பது அண்டா இல்லை, சொம்புதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்கு நம் முதலாண்டு பிசிக்ஸ் லேபுக்குப் போகவேண்டும். ஸ்க்ரூ கேஜ் வைத்துக் கம்பியின் விட்டம் அளந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரே இடத்தில் அளந்தால் போதாது, நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடு என்பார்கள். ஒரு தடவை கை கொஞ்சம் கூடுதலாகத் திருகும், ஒரு தடவை குறைவாகத் திருகும். சராசரியில் அது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஆனால் கேஜிலேயே ஜீரோ எரர் இருந்தால்? ஐந்து ரீடிங் இல்லை, ஐந்நூறு ரீடிங் எடுத்தாலும் போகாது. எல்லா ரீடிங்கிலும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருக்கும். நாமாகப் பார்த்துக் கண்டுபிடித்து, கூட்டியோ கழித்தோ திருத்தினால்தான் உண்டு.

நடுவர்களின் தவறுகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஆஃப்சைடு பார்க்கிற உதவி நடுவரை நினைத்துப் பாருங்கள். பந்தை உதைக்கிற கால் ஒரு மூலையில், தடுப்பு வரிசை இன்னொரு மூலையில். இரண்டையும் ஒரே கணத்தில் பார்த்தாக வேண்டும். மனிதக் கண்ணுக்கு அது லேசான வேலை இல்லை. அங்கே நடக்கிற தவறு கை திருகல் மாதிரி. இன்று நமக்கு எதிராக, நாளை அவர்களுக்கு எதிராக.

ஜீரோ எரர் வேறு மாதிரி. ஸ்பெயின் லீக் ஆட்டங்களைப் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஆராய்ந்து 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் இஞ்சுரி டைமைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் குறைத்துக் கொடுத்தார்கள். யாரும் காசு வாங்கவில்லை. சுற்றி நின்று கத்துகிற கூட்டம்தான் காரணம் என்பது அவர்கள் முடிவு. கொரோனா காலத்தில், 2020-ல், ஐரோப்பாவில் ஆளில்லாத மைதானங்களில் ஆடியபோது வெளியூர் அணிகள் வாங்குகிற மஞ்சள் அட்டைகள் குறைந்துபோயின. கத்த ஆள் இல்லை, ஜீரோ எரரும் குறைந்தது!

இதற்கு ஒரு திருத்தம் ரொம்ப காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1888-ல் இங்கிலாந்தில் 12 கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக்கை ஆரம்பித்தன. ஒவ்வொரு அணியும் மற்ற 11 அணிகளோடும் இரண்டு ஆட்டம் ஆடவேண்டும், ஒன்று நம் ஊரில், ஒன்று அவர்கள் ஊரில். ஆக, ஆளுக்கு 22 ஆட்டம். கூட்டம் ஒரு தடவை நமக்காகக் கத்தும், ஒரு தடவை அவர்களுக்காகக் கத்தும். கணக்கு தானாக நேராகவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து, பேனா பிடித்து, அட்டவணை போட்டு நேராக்கினார்கள்.

இப்போது ஆட்டம் ஒன்றே ஒன்று என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். நாக்-அவுட்டில் பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும் ஆடின. கோல் இல்லாமல் ஆட்டம் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போனது. 96-வது நிமிஷம் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் கட்டி நிற்பதற்குள் சுனில் சேத்ரி பந்தை உதைத்துக் கோலாக்கிவிட்டார். நடுவர் அதை ஒப்புக்கொண்டார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் ஆட்களை மைதானத்திலிருந்தே வெளியே கூப்பிட்டுக்கொண்டார். பிறகு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. வெளிநடப்பு செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது ஒரு லீக் ஆட்டமாக இருந்து, அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் இருந்திருந்தால் அத்தனை கோபம் வந்திருக்குமா? நாளை என்று ஒன்று இல்லாதவனிடம் போய் "நாளைக்கு நேராயிடும்" என்று எப்படிச் சொல்வது?

சரி, நாளை என்பது வந்தே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது யாருக்கு வருகிறது?

உலகக் கோப்பையில் இதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1966 ஜூலை 30 அன்று லண்டன் வெம்ப்ளியில் இறுதி ஆட்டம். இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து மேல் கம்பியில் பட்டு, கீழே விழுந்து, வெளியே வந்தது. கோடு தாண்டியதா இல்லையா என்பது இன்றுவரை சண்டை. கோல் என்றார்கள். மேற்கு ஜெர்மனி 4-2 என்று தோற்றது. அதன்பின் 2010 ஜூன் 27, தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபான்டைன் நகரம். இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் உதைத்த பந்து மேல் கம்பியில் பட்டு, தெளிவாகக் கோட்டைத் தாண்டி விழுந்து வெளியே வந்தது. கோல் இல்லை என்றார் நடுவர். ஜெர்மனி 4-1 என்று ஜெயித்தது. "44 வருஷத்துக்குப் பிறகு கணக்கு நேரானது" என்று உலகமே பேசியது.

யாருக்கு நேரானது? 1966-ல் அழுத ஜெர்மன்காரர்கள் 2010-ல் தாத்தாக்கள். லாம்பார்ட் 1966-ல் பிறக்கவே இல்லை. அவருக்கு என்ன பழைய பாக்கி? சட்டையின் நிறம் ஒன்றாக இருந்ததால் கணக்கும் ஒன்றே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. நம் காலேஜ் மைதானத்தில் கேட்டேன். நான் முதலாண்டு படிக்கும்போது பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான நாக்-அவுட்டில் நம் அணி ஆடியது பலருக்கு ஞாபகம் இருக்கும். கடைசி நிமிஷம் வரை கோல் இல்லை. நம் பின்கள வீரரின் மார்பில் பட்ட பந்துக்கு ஹேண்ட்பால் என்று விசில். பெனால்டி. 1-0 என்று தோற்றோம். அந்த நடுவரின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அப்படித் தெரிந்திருக்கலாம். ஆனால் கேப்டன் அண்ணன் அப்போது கடைசி வருஷம். மாநில அளவு சர்டிபிகேட் ஒன்று கையில் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போடலாம் என்று மூன்று வருஷமாக விடியற்காலையில் எழுந்து ஓடியவர். அன்றோடு அது முடிந்தது.

அடுத்த வருஷம், வேறொரு பாலிடெக்னிக்கோடு ஆட்டம். நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அது பெனால்டியே இல்லை என்று ஆடிய எல்லோருக்கும் தெரியும். 1-0 என்று ஜெயித்தோம். பசங்க எல்லாம் "நேராயிடுச்சுடா, நேராயிடுச்சு" என்று குதித்தார்கள். கேப்டன் அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "யாருக்குடா நேராச்சு? நான் இப்ப இந்த டீம்ல இல்ல. இன்னிக்குத் தோத்தவங்களும் அன்னிக்கு ஜெயிச்சவங்க இல்ல."

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதே பேச்சு உண்டு.

என் அப்பா செய்யாறு பக்கத்திலிருந்து பாடிக்கு வந்தவர். ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஹெல்ப்பராக இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இடையில் ஒரே ஒரு தடவை சிலரைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள். ஷிஃப்டில் நின்றவர்களைக் கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்ட அந்த நாளில் அப்பா ஊரில், தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது லிஸ்ட் போய்விட்டது. அதன்பிறகு லிஸ்ட் எடுக்கவே இல்லை. அப்பா அதற்காக யாரையும் திட்டிக் கேட்டதில்லை. எப்போதாவது பேச்சு வந்தால் என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொல்வார். "எனக்குப் போனது ஒனக்கு வரும்டா. கணக்கு நேராயிடும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடுவார். அம்மாவுக்கு அதுவும் கைநாட்டுதான். படித்த குடும்பத்தில் பெரியப்பா பையன் தோற்றால் சித்தப்பா பையன் ஜெயிப்பான். ஒருவன் ஒரு வருஷம் வீணாக்கினாலும் அடுத்த வருஷம் எழுத வீட்டில் காசு இருக்கும், வழி சொல்ல ஆள் இருக்கும். அங்கே சீசன் நடந்துகொண்டே இருக்கிறது. எங்களைப் போன்ற வீடுகளில் இதுதான் முதல் மேட்ச். அதுவும் நாக்-அவுட். ஒரு டிப்ளமோ, ஒரு இன்டர்வியூ, ஒரு லிஸ்ட். அன்றைக்குக் காய்ச்சல் வந்தாலும் போச்சு, பஸ் லேட் ஆனாலும் போச்சு. இந்த மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

அப்பா சொல்வது கணக்குப்படி நடக்காது. எனக்கு நாளை நல்ல வேலையே கிடைத்தாலும் அவருடைய இருபது வருஷத்தை அது திருப்பித் தராது. அவர் தோற்ற ஆட்டத்தின் கோலை நான் போய் அடிக்க முடியாது. இதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று நடக்கும். எங்கள் வீட்டுக்கு ஆட்டங்களின் எண்ணிக்கை கூடும். தங்கச்சி பத்தாவது படிக்கிறாள். அவள் ஒரு தடவை தவறினாலும் இன்னொரு தடவை ஆட வைக்க வீட்டில் ஒரு சம்பளம் இருக்கும், "பயப்படாதே" என்று சொல்ல ஒரு அண்ணன் இருப்பான். பழைய உப்பை எடுக்க முடியாது. தண்ணீரை ஊற்றலாம். டம்ளரைச் சொம்பாக்கலாம், சொம்பை அண்டாவாக்கலாம். கணக்கு நேராவது என்றால் எனக்குத் தெரிந்து இவ்வளவுதான். இது தானாக நடக்காது. யாராவது செய்யவேண்டும்.

எனவே நம் மாணவர் மன்றத்துக்கு இந்த மலரின் வழியாகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். துறைகளுக்கு இடையிலான கால்பந்தை வருஷா வருஷம் நாக்-அவுட்டாகவே நடத்துகிறோம். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், ஆட்டோமொபைல் என்று ஆறு அணிகள். மொத்தமே 5 ஆட்டத்தில் கோப்பை முடிந்துவிடுகிறது. குறைந்தது இரண்டு துறைகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகின்றன. ஒரு மாசம் பயிற்சி, ஒரு விசில், அவ்வளவுதான்.

அதையே லீக்காக நடத்தினால் என்ன? ஒவ்வொரு துறையும் மற்ற ஐந்து துறைகளோடும் ஆடினால் மொத்தம் 15 ஆட்டம். வாரத்தில் ஐந்து நாள், சாயங்காலம் ஒரு ஆட்டம் என்றால் மூன்றே வாரத்தில் முடிந்துவிடும். பாதிக்கு 20 நிமிஷம் போதும். கூடுதல் செலவு என்று பார்த்தால் பந்தும் எலுமிச்சம்பழமும்தான். 5 ஆட்டத்தில் எல்லா உப்பும் கரைந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஒன்றுக்கு ஐந்து தேவலாம் அல்லவா?

ஜீரோ எரருக்கும் ஒரு வழி சொல்கிறேன். எந்தத் துறை ஆடுகிறதோ அந்தத் துறைக்காரர் விசில் பிடிக்கக் கூடாது. சந்தேகமான முடிவுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். நடுவரைத் திட்டுவதற்காக இல்லை. 15 ஆட்டம் முடிந்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் கலந்து இருந்தால் கை திருகல், மறந்துவிடலாம். ஒரே பக்கமாக இருந்தால் ஜீரோ எரர், அடுத்த வருஷம் திருத்தலாம்.

விசில் பிடிக்கிறவரும் நம்மைப் போல மனிதர்தான். தவறு நடக்கும். பந்து போஸ்டில் படும். மழை வந்து மைதானம் சேறாகும். இதையெல்லாம் நம்மால் நிறுத்த முடியாது. ஒருவனுக்கு எத்தனை ஆட்டம் கொடுப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. மைதானத்திலும் சரி, வெளியேயும் சரி, அதைக் கூட்டிக் கொடுப்போம்.

லீக் தொடங்கும் நேரத்தில் நான் இந்தக் கல்லூரியில் இருக்கமாட்டேன். என் கணக்கு இதனால் நேராகப் போவதும் இல்லை. இருந்தாலும் அடுத்த ஆண்டு மலரில் 15 ஆட்டங்களின் முடிவையும் அட்டவணை போட்டு அச்சடியுங்கள், தோழர்களே. நான் ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், பாடி